இரவும் மலையும் சிறு விமானமும்

ஆகாய விமானத்திற்கு விபத்து நேர்ந்ததென்று கேள்வியுறும்போதெல்லாம், பொறி கெட்டதோ, புயல் அடித்ததோ, ஓட்டினவர் திறமையற்றவரோ என்று வினவுதல் நம்மனோர் வழக்கம். ஆயின், இம்மூன்றும் இல்லாதிருக்கவும் நிகழும் விபத்து ஒன்றுண்டு. பொறி பழுதின்றி இயங்குகின்றது. காற்று அமைதியாக இருக்கின்றது. விமானியோ பல்லாண்டு பழகியவர். எனினும் விமானம் நேரே சென்று மலையில் மோதுகின்றது. மோதும் கணம்வரையில் உள்ளிருந்தோர் தம் நிலையை அறிகின்றிலர். இரவில் மலைநாட்டின் அருகே பறக்கும் சிறு விமானங்களுக்கு இத்தகைய கேடு நேர்தற்குக் காரணம் யாது? அதனை விலக்கும் வழி யாது? இவ்விரண்டையும், அமெரிக்க ஐக்கிய நாடுகளில் நிகழ்ந்த மூன்று விபத்துக்களைக் கொண்டு இக்கட்டுரையில் ஆராயப் புகுகின்றோம்.

பறத்தலின் இருவகை

விமானம் செலுத்துதற்கு இருவகை விதிகள் உள. ஒன்றைக் கருவிவிதி என்றும், மற்றொன்றைக் கண்விதி என்றும் நாம் கூறலாம். கருவிவிதியின்படி செல்வோர்க்கு வழியும் உயரமும் முன்னரே வரையறுக்கப்படும். அந்நாட்டு விதிப்படி, மலைப்பகுதியில் அவர் செல்லும் வழியிலிருந்து நான்கு கடல்மைல் எல்லைக்குள் உள்ள மிக உயர்ந்த இடத்திற்கு மேல் 2,000 அடி இடைவெளி இருத்தல் வேண்டும். கண்விதியின்படி செல்வோரோ, மலையையும் மரத்தையும் பிற விமானங்களையும் தம் கண்ணாலேயே கண்டு விலகிச் செல்லும் பொறுப்பைத் தாமே ஏற்கின்றனர். பகற்காலத்தில் இது தக்க முறையே. இரவிலும் அந்நாட்டில் இதற்கு இசைவு உண்டு.

ஈண்டு ஒரு நுட்பத்தை நாம் கருதுதல் வேண்டும். "இன்றிரவு பத்து மைல் தூரம் கண்ணுக்குத் தெரியும்" என்று வானிலை அறிக்கை கூறுமாயின், பத்து மைலுக்கு அப்பாலுள்ள விளக்குத் தெரியும் என்பதே அதன் பொருள். விளக்கில்லாத மலை தெரியும் என்பது அதன் பொருளன்று. வானம் தெளிந்திருத்தல் வேறு. நிலம் தெரிதல் வேறு. இவ்விரண்டையும் ஒன்றென மயங்குதலே கேட்டிற்கு வித்தாகின்றது.

கண்ணின் இயல்பு

இம்மயக்கத்திற்குக் கண்ணின் அமைப்பும் துணைசெய்கின்றது. விழித்திரையில் ஒளியை உணரும் நுண்ணுறுப்புக்கள் கூம்பு வடிவின, கோல் வடிவின என இருவகைப்படும். கூம்புகள் திரையின் நடுவிடத்தில் நெருங்கியிருந்து பகலொளியில் நிறத்தையும் வடிவத்தையும் காட்டுவன. கோல்கள் அதனைச் சூழ்ந்திருந்து மங்கிய ஒளியில் தொழிற்படுவன. திரையின் நட்டநடுவே கோல்கள் இல்லை. ஆதலின் இருளில் ஒரு பொருளை நேரே உற்று நோக்கின் அது மறையும்; சற்றே பக்கமாக நோக்கின் தோன்றும். கண் இருளுக்கு நன்கு பழகுதற்கு ஏறத்தாழ முப்பது நிமிடம் வேண்டும். பேரொளி ஒன்றைக் கண்ட அளவில் அப்பழக்கம் சிறிது நேரத்தில் அழிந்துபோம். அன்றியும், உயரே செல்லச்செல்லக் காற்றில் பிராணவாயு குறைதலால், ஏறத்தாழ 5,000 அடியிலேயே இரவுப் பார்வை குன்றத் தொடங்குகின்றது. அதனாலேயே இரவில் அவ்வுயரத்திற்கு மேல் பிராணவாயுவைக் கருவிவழி உட்கொள்ளுதல் நலம் என்று விமானிகளுக்கு அறிவுரை கூறப்படுகின்றது.

விமானத்தின் முன்விளக்கு உதவாதோ எனின், உதவாது. மணிக்கு 120 மைல் வேகத்திற் செல்லும் சிறு விமானம் ஒரு நொடியில் 176 அடி கடக்கும். விளக்கொளியில் பாறை தெரிந்தபின், திரும்புதற்கு வேண்டிய காலம் எஞ்சுவதில்லை.

ஓட்டாய் மலை

கலிபோர்னியா மாகாணத்தில், சான் டியேகோ நகரின் தென்பால், மெக்சிகோ நாட்டின் எல்லையை ஒட்டி, பிரவுன் பீல்டு என்னும் சிறு விமான நிலையம் உளது. அது கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 500 அடி உயரத்திலுள்ளது. அதன் கிழக்கே சில மைல் தொலைவில் ஓட்டாய் மலை 3,566 அடி உயர்ந்து நிற்கின்றது.

1991-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 16-ஆம் நாள், நள்ளிரவு கடந்து ஏறத்தாழ ஒன்றேமுக்கால் மணி அளவில், அந்நிலையத்தினின்று இரு ஜெட் பொறிகளையுடைய சிறு விமானம் ஒன்று புறப்பட்டது. ரீபா மெக்கன்டயர் என்னும் புகழ்பெற்ற பாடகியின் இசைக்குழுவினர் எழுவரும், அவர்தம் பயண மேலாளரும், விமானிகள் இருவரும் அதில் இருந்தனர். புறப்படுமுன் விமானி, செய்தி கூறும் நிலையத்தாரோடு தொலைபேசியில் மும்முறை உரையாடினார். சான் டியேகோவின் பெரிய விமான நிலையத்தைச் சூழ்ந்து, இசைவின்றிப் புகலாகாத வான்பகுதி ஒன்றுண்டு. அதனுட் புகாதிருக்க 3,000 அடிக்குக் கீழே செல்லலாமா என்று விமானி வினவ, மறுமுனையிலிருந்தவரும் அதற்கு உடன்பட்டார். அந்நிலப்பகுதி விமானிகள் இருவர்க்கும் பழக்கமில்லாதது. விமானம் ஏறத்தாழ 3,300 அடி உயரத்தில் ஓட்டாய் மலையின் உச்சிக்கு அருகே மோதியது. பதின்மரும் மாண்டனர். அக்குழுவினரின் எஞ்சியோரை ஏற்றிய இரண்டாம் விமானம் சில நிமிடங்களுக்குள் அதே நிலையத்தினின்று புறப்பட்டு இன்னலின்றிச் சென்றது.

இத்துணைப் பெரிய துன்பம் நிகழ்ந்தபின் அம்மலையை எவரேனும் மறப்பரோ? மறந்தனர். 2004-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 24-ஆம் நாள், நள்ளிரவு கடந்து அரைமணிக்குள், நோயாளரை ஏற்றிச் செல்லும் ஆம்புலன்ஸ் ஜெட் விமானம் ஒன்று அதே பிரவுன் பீல்டினின்று புறப்பட்டது. விமானிகள் இருவரும் மருத்துவப் பணியாளர் மூவரும் அதில் இருந்தனர். கருவிவிதிக்குரிய இசைவைத் தரையிலேயே பெறாது, ஆகாயத்திற் பெறலாம் என்று கண்விதியின்படி எழும்பினர். தரையிலிருந்து வழிகாட்டும் அலுவலர் குறித்த திசை அவரை மலைக்கு எதிராகவே செலுத்தியது. விமானம் ஏறத்தாழ 2,300 அடி உயரத்தில் அதே மலையில் மோத, ஐவரும் இறந்தனர். அந்நாட்டுத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் இதனை ஆராய்ந்து, மலையினின்று விலகிச் செல்லாமை விமானிகளின் தவறென்றும், மலையைப் பற்றி அறிவுறுத்தாமையும் கணிப்பொறி எழுப்பிய எச்சரிக்கையைத் தெரிவிக்காமையும் வழிகாட்டினவரின் தவறென்றும், விமானிகளின் களைப்பும் ஒரு துணைக்காரணம் என்றும் முடிவு செய்தது. விமானிகள் வழிகாட்டுவோரை நம்பினர். வழிகாட்டுவோர் விமானிகளின் கண்ணை நம்பினர். இருவர்க்கும் இடையே மலை நின்றது.

சூப்பர்ஸ்டிஷன் மலை

மூன்றாம் விபத்து அரிசோனா மாகாணத்தில் நிகழ்ந்தது. 2011-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 23-ஆம் நாள், நன்றியறிதல் திருநாளின் முன்மாலை. மேசா நகரத்து விமான நிலையத்தினின்று, இரு பொறிகளையுடைய சிறு விமானம் சாபர்டு என்னும் ஊரை நோக்கி எழும்பியது. விடுமுறைக்காகச் சென்ற மூன்று குழந்தைகள் உட்பட அறுவர் அதில் இருந்தனர். வானம் தெளிந்திருந்தது; ஆயின் அமாவாசையை அடுத்த இருள். பீனிக்ஸ் நகரின் பெரிய விமான நிலையத்திற்குரிய வான்பகுதி அவ்விடத்தில் 5,000 அடிக்கு மேல் தொடங்குகின்றது. விமானம் அதற்குக் கீழே ஏறத்தாழ 4,500 அடியில் சமநிலை கொண்டு, ஊரை நோக்கி நேர்க்கோட்டிற் சென்றது. அக்கோட்டின் குறுக்கே சூப்பர்ஸ்டிஷன் மலை 5,000 அடிக்குச் சற்று மிகுந்த உயரத்துடன் நின்றது. புறப்பட்ட சில நிமிடங்களில் விமானம் அதன் செங்குத்தான பாறையில் மோதியது. எவரும் பிழைத்திலர். நிலத்தின் உயரத்தை அறிந்து எச்சரிக்கும் கருவி அவ்விமானத்தில் இல்லை. தரையிலிருந்து ராடார் வழியாகக் கண்காணிக்கும் உதவியையும் விமானி வேண்டிப் பெற்றிலர்.

பொதுவாய் நிற்கும் காரணம்

மூன்றையும் ஒப்பிட்டு நோக்குவோமாக. ஒன்றிலும் பொறி கெட்டதில்லை, புயல் அடித்ததில்லை. மூன்றிலும் விமானம் புறப்பட்டுச் சிறிது நேரமே ஆயிற்று. முதலிலும் மூன்றிலும் மேலே உள்ள எல்லைக் கோட்டிற்கு அஞ்சித் தாழப் பறந்தனர். இரண்டாவதிலோ இசைவுக்குக் காத்திருக்கும்பொழுது தாழ நின்றனர். மனிதர் ஏட்டில் வரைந்த கோடு அவர் கருத்தில் இருந்தது. மண்ணினின்று எழுந்த மலை கருத்தில் இல்லை. கோட்டைக் கடந்தவர்க்கு நேரக்கூடியது விதிப்படி வரும் தண்டனை. மலையைக் கடவாதவர்க்கு நேர்ந்ததோ மரணம். சிறிய அச்சம் பெரிய அச்சத்தை மறைத்தது என்பதே நாம் கண்ட உண்மை.

காக்கும் வழிகள்

இனி இதனை விலக்கும் வழிகளைச் சுருங்கக் கூறுவாம்.

முதலாவது, கண்ணை நம்பாது எண்ணை நம்புதல். விமானிகளுக்குரிய நிலப்படத்தில் ஒவ்வொரு கட்டத்திலும் அதிலுள்ள மிக உயர்ந்த பொருளுக்கு மேலான உயரம் பெரிய இலக்கத்தில் அச்சிடப்பட்டிருக்கும். புறப்படுமுன் செல்லும் வழியிலுள்ள இவ்விலக்கங்களைக் குறித்துக்கொண்டு, அவற்றினும் 2,000 அடி மேலே செல்லத் தீர்மானித்தல் நன்று. அவ்வுயரத்தை எய்துமளவும் நிலையத்தின் மேலேயே வட்டமிட்டு ஏறுதல் வேண்டும். சில நிமிடம் வீணாயிற்றே என்று எண்ணலாகாது.

இரண்டாவது, கருவிவிதிக்குத் தகுதியுடையோர் இரவில் தரையிலேயே இசைவு பெற்று, வகுத்த வழியே செல்லுதல்.

மூன்றாவது, விளக்குகளை உற்று நோக்குதல். தொலைவிலுள்ள ஊரின் விளக்குகள் ஒவ்வொன்றாக மறையுமாயின், அவை அவிந்தன என்று எண்ணற்க. அவற்றிற்கும் நமக்கும் இடையே மலை எழுந்துவிட்டது என்பதே அதன் பொருள். அக்கணமே ஏறுதலும் திரும்புதலும் வேண்டும்.

நான்காவது, காற்றை மதித்தல். மலைமுகட்டைக் கடந்து வீசும் பெருங்காற்று அப்புறத்தே கீழ்நோக்கிப் பாயும். அதன் வலிமை சிறு விமானம் ஏறும் ஆற்றலினும் மிகுதியாதல் உண்டு. பகலில் மேகத்தின் வடிவம் இதனைக் காட்டிக்கொடுக்கும்; இரவில் அவ்வுதவியும் இல்லை. ஆகவே பெருங்காற்று வீசும் இரவில் மலையைக் கடக்கும் பயணத்தை விடியலுக்குத் தள்ளுதலே அறிவுடைமை.

ஐந்தாவது, எச்சரிக்கைக் கருவி. டான் பேட்மன் என்னும் பொறியியலறிஞர் 1960-களின் பிற்பகுதியில் வகுத்த கருவி, விமானம் நிலத்தை நெருங்குங்கால் ஒலியெழுப்பும். பின்னர் உலகின் நிலவுயரங்களைத் தன்னுள் அடக்கி, முன்னே நிற்கும் மலையையும் அறிவிக்கும் கருவி தோன்றியது. ஆறும் அதற்கு மேற்பட்டும் பயணியர் இருக்கை உடைய டர்பைன் விமானங்களில் இது இருத்தல் வேண்டுமென்னும் அமெரிக்க விதி, 2005-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 29-ஆம் நாள் முதல் பழைய விமானங்களையும் பிணித்தது. ஓட்டாய் மலையின் இரண்டாம் விபத்திற்குப்பின் ஐந்து மாதம் கழிந்து அந்நாள் வந்தது. ஆயினும் கருவி இருப்பினும் அது கூறும் சொல்லை ஏற்கும் மனம் வேண்டும் என்பதை மறத்தலாகாது.

முடிவுரை

இம்மூன்று விபத்துக்களில் இறந்தோர் இருபத்தொருவர். இவருள் பாடுவோரும், நோயாளர்க்குப் பணிசெய்வோரும், வீடு நோக்கிச் சென்ற குழந்தைகளும் உளர். இவருள் ஒருவரையும் கொல்லும் நோக்கம் இரவிற்கும் இல்லை, மலைக்கும் இல்லை. மலை என்றும் நின்ற இடத்திலேயே நின்றது. அதன் உயரம் படத்தில் அச்சிடப்பட்டே இருந்தது. படத்தைப் பார்த்துக் கூறுதற்கு ஒரு நிமிடம் போதும், அந்நிமிடம் செலவிடப்படவில்லை.

கண்ணுக்குத் தெரியாமை ஒரு பொருளின் இன்மைக்குச் சான்றாகாது என்பது தருக்க நூல் கற்கும் மாணவர் அறிந்த விதியே. வகுப்பில் அதனை மறப்பவர்க்குச் சில மதிப்பெண் குறையும். இருளில் மலையருகே பறப்பவர் மறந்தாலோ, அவரோடு அவரை நம்பி ஏறினவரும் மடிவர். ஆதலின், தம்மை நம்பிப் பிறர் உடன்வரும் எவ்வழியிலும் புறப்படுமுன், "வழி தெளிவாக இருக்கின்றதா?" என்பதோடு நில்லாது, "தெரியாமல் நிற்பது யாது?" என்றும் வினவுதல் பொறுப்புடையார் கடமையாகும்.