பள்ளி நிதி திரட்டலாமா?

எங்கள் தமிழ்ப்பள்ளியில் சம்பளமின்றிப் பல ஆண்டுகள் உதவிய தொண்டருக்குச் சிறுநீரகம் செயலிழந்துவிட்டது. அவருக்காகப் பள்ளி நிதி திரட்டலாமா? – வாசகி, புக்கிட் செலம்பாவ்

தாராளமாகத் திரட்டுங்கள், அம்மா. உங்கள் கெடா மாநிலத் தோட்டத் தமிழருக்கு இது புதிதல்ல. 1960இல் அன்றைய அமைச்சர் துன் சம்பந்தன் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம், பால்மரத் தொழிலாளர்கள் பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டிய பணத்தில்தான் புக்கிட் சீடிம் தோட்டத்தை வாங்கியது. அது பங்குப் பணம், நன்கொடையல்ல. ஆனால் சிறுதொகையும் நேர்மையான கணக்கும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்கு அதுவே சாட்சி.

‘பிள்ளைகளிடம் பணம் கேட்பதா?’ என்பார்கள். நியாயமான கவலைதான், இல்லாத வீட்டுப் பிள்ளை வகுப்பில் கூனிக் குறுகக்கூடாது. ஆகவே தலைமையாசிரியரின் ஒப்புதலோடு பெற்றோர் ஆசிரியர் சங்கமே பொறுப்பேற்கட்டும். வகுப்பில் பெயர் வாசிக்க வேண்டாம். அலுவலகத்தில் பூட்டிய உண்டியல் போதும். மூவர் சேர்ந்து எண்ணி, தொகையை அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். ‘நாளை எல்லாரும் கேட்பார்களே?’ என்றால், பள்ளிக்கு உழைத்தவருக்குப் பள்ளி கடன்பட்டிருக்கிறது என்பதே பதில். முதலில் அவர் வேறு வேலையில் இருந்தபோது சொக்சோ எனும் சமூகப் பாதுகாப்பு அமைப்புக்குச் சந்தா கட்டியவரா என்று விசாரியுங்கள். தகுதியிருந்தால் டயாலிசிஸ் செலவு அங்கேயே கிடைக்கும். திரட்டும் பணம் வாரம் மூன்று முறை சுங்கை பட்டாணி போய்வரும் கார் செலவுக்கும் வீட்டு அரிசிக்கும் உதவட்டும்.