அளவெடுத்துட்டு அறுங்க

முதல் வருஷம் வொர்க்‌ஷாப்ல நீங்க செஞ்ச டி-லேப் ஜாயின்ட் இப்போ எங்கே? ரெக்கார்டுல கையெழுத்து வாங்கினதும் ஸ்க்ராப் பெட்டிக்குள்ள போயிருக்கும். ஆனா ரம்பமும் உளியும் பிடிக்கக் கத்துக்கிட்டது உங்ககிட்டதான் இருக்கு. அதை வச்சு யாருக்காவது ஏதாவது செஞ்சு கொடுக்கலாமேன்னு தோணினா, உடனே மனசுல வர்றது பொம்மை, பென் ஸ்டாண்டு, போட்டோ ஃப்ரேம். செய்யறதும் சுலபம், கொடுக்கும்போது எடுக்கற போட்டோவும் நல்லா வரும். ஆறு மாசம் கழிச்சு அந்தப் பொருள் என்ன ஆச்சுன்னு மட்டும் யாரும் போய்ப் பார்க்கறதில்லை.

அதனால இந்தக் கட்டுரையில ஒரே ஒரு பொருளைப் பார்ப்போம். மூளை முடக்குவாதம் உள்ள ஒரு குழந்தைக்கான மூலை நாற்காலி. தெரப்பிஸ்ட்டுகள் இதை கார்னர் சேர்னு சொல்வாங்க.

ஏன் நாற்காலி? தானா உட்கார முடியாத குழந்தையை வீட்ல பெரும்பாலும் படுக்க வச்சுதான் பார்த்துப்பாங்க. சோறும் படுத்த வாக்குலயே ஊட்டுவாங்க. அப்போ சாப்பாடு உணவுக்குழாய்க்குப் போகாம மூச்சுக்குழாய்க்குள்ள போக வாய்ப்பு அதிகம். அது நுரையீரலுக்குள்ள போய் நிமோனியா ஆகும், உயிருக்கே ஆபத்து. நிமிர்ந்து உட்கார்ந்தா விழுங்கறது சுலபமாகுது. கை முன்னாடி வருது, எதிரே இருக்கற முகம் தெரியுது. நாலு பலகை இவ்ளோ வேலை செய்யும்.

கல்வராயன் மலையில இது இன்னும் முக்கியம். மலையாளி பழங்குடி மக்கள் வாழற அந்த ஊர்கள் மலை முழுக்கச் சிதறிக் கிடக்கு. வெள்ளிமலையையும் தாண்டி உள்ளே இருக்கற ஊர்லேர்ந்து ஒரு அம்மா குழந்தையைத் தூக்கிட்டு கள்ளக்குறிச்சிக்கு தெரப்பிக்கு வந்து போனா, அன்னைக்கு வேலையும் கூலியும் போச்சு. தெரப்பி கிடைக்காத நாள்லயும் குழந்தை சரியா உட்கார்ந்திருக்க வீட்ல ஒரு பொருள் வேணும்.

ஆனா எந்தக் குழந்தைன்னு நீங்களா முடிவு பண்ணக் கூடாது. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்துல ஒவ்வொரு ஒன்றியத்துக்கும் வட்டார வள மையம் உண்டு. மாற்றுத்திறன் குழந்தைகளுக்கான சிறப்பாசிரியர்களும் இயன்முறை சிகிச்சையாளர்களும் அது வழியாத்தான் வேலை செய்றாங்க. வீட்டுக்கே போய்ப் பயிற்சி கொடுக்கறதும் அதுல அடக்கம். 2021 ஆகஸ்ட்ல தொடங்கின 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்துலயும் வீட்டுக்கே வர்ற இயன்முறை சிகிச்சை இருக்கு. முதல்ல அவங்களைப் போய்ப் பாருங்க. அவங்க சொல்ற குழந்தையை, அவங்க கூடவே போய், அம்மா அப்பாகிட்ட அனுமதி கேட்டு அளவெடுங்க. கையில டேப்பும் நோட்டும் போதும். போன்ல கேமரா வேண்டாம்.

எடுக்க வேண்டிய அளவுகள்: உட்கார வச்சு, இடுப்பின் பின்பக்கத்திலிருந்து முழங்காலின் உள்மடிப்பு வரை, உள்மடிப்பிலிருந்து குதிகால் வரை, இடுப்பு அகலம், உட்காரும் இடத்திலிருந்து அக்குள், தோள், தலை உச்சி. தலை நிற்காத குழந்தைன்னா சாய்மானம் தலை வரைக்கும் வரணும். நின்னா தோள் வரை போதும்.

இதுல ரொம்ப முக்கியமானது முதல் அளவு. சீட்டின் ஆழம் அதைவிட 2 அல்லது 3 செ.மீ. குறைவா இருக்கணும். 'பெருசா செஞ்சா வளர்ந்தாலும் ஆகுமே'ன்னு தோணும். தீபாவளிக்குச் சட்டை தைக்கிற கணக்கு இங்கே ஆகாது. சீட் ஆழமா இருந்தா அதோட விளிம்பு முழங்காலுக்குப் பின்னாடி இடிக்கும். காலை மடக்க இடுப்பு முன்னால நகரும், முதுகு வளையும், கொஞ்ச நேரத்துல குழந்தை சறுக்கிக் கீழே வந்துடும். அப்புறம் வீட்ல ஒரு துண்டால கட்டி வைப்பாங்க. தப்பான அளவுல ஒரு நாற்காலி கொடுக்கறதுக்கு சும்மா இருக்கறதே மேல்.

அமைப்பு எளிது. 90 டிகிரியில சேர்ற ரெண்டு சாய்வுப் பலகை, நடுவுல சீட், முன்னாடி ஒரு டிரே. மூலைக்குள்ள உட்காரும்போது ரெண்டு பக்கப் பலகையும் தோளை முன்னால தள்ளும். பின்னால இழுத்துட்டுப் போற கை அப்படித்தான் நடுவுக்கு வருது. மலையில பெரும்பாலும் தரையில உட்கார்ந்துதான் சாப்பிடுவாங்க, அதனால உயரமான நாற்காலி வேண்டாம், குழந்தை மத்தவங்க கூடவே இருக்கட்டும். ஆனா ஒண்ணு. காலை நீட்டி உட்காரும்போது தொடையின் பின்தசை இறுக்கமா இருந்தா அது இடுப்பைப் பின்பக்கம் இழுத்து முதுகைக் கூனாக்கும். அப்படிப்பட்ட குழந்தைக்கு சீட்டைக் கொஞ்சம் உயர்த்தி முழங்கால் மடங்க இடம் கொடுக்கணும். எவ்வளவு உயரம், தொடைகளுக்கு நடுவுல கட்டை வேணுமா, இதையெல்லாம் தெரப்பிஸ்ட்தான் சொல்லணும்.

இப்போ நம்ம சப்ஜெக்ட். இந்தக் குழந்தைகளுக்கு திடீர்னு உடம்பு விறைச்சு தலை பின்னால உதைக்கும். நாற்காலி கவிழக் கூடாது. செகண்ட் செமஸ்டர்ல போட்ட மொமென்ட் கணக்குதான். ஒரு உதாரணம்: குழந்தையும் நாற்காலியும் சேர்ந்து 20 கிலோ, ஈர்ப்பு மையத்திலிருந்து அடிப்பலகையின் பின் விளிம்பு 20 செ.மீ., தலை தரையிலிருந்து 60 செ.மீ. உயரம்னு வச்சுக்குவோம். 20-ஐ 20-ஆல் பெருக்கி 60-ஆல் வகுத்தா கிட்டத்தட்ட 6.7. அதாவது ஏழு கிலோ எடைக்குக்கூட வராத ஒரு உதையிலயே கவிழும். அடிப்பலகையைப் பின்பக்கம் 10 செ.மீ. நீட்டினா அதே கணக்கு 10 கிலோவுக்குப் போகுது. ஒரு துண்டுப் பலகைக்குக் கிடைக்கிற லாபம் இது.

பிளைவுட்னா 12 மி.மீ., ஐ.எஸ். 710 முத்திரை உள்ளது வாங்குங்க. மலையில ஈரம் அதிகம், சாதா பிளை சீக்கிரமே அடுக்கு அடுக்காப் பிரியும். பஸ்ல கச்சிராயபாளையம் வழியா மேலே ஏத்திட்டுப் போகணும்கிறதால, கழற்றி மாட்டற மாதிரி ஆப்பு வச்ச கழுந்து இணைப்பு போடுங்க. எல்லா விளிம்பையும் உப்புத்தாள் போட்டு உருட்டுங்க. இந்தியாவுல வீட்டுப் பெயின்ட்ல ஈயம் 90 பி.பி.எம்.-க்கு மேல இருக்கக் கூடாதுன்னு 2016 விதிகள் சொல்லுது, டப்பாவுல அதைப் பார்த்து வாங்குங்க. இல்லைன்னா சுத்தமான ஆளிவிதை எண்ணெய் தேய்ச்சாப் போதும். தேய்ச்ச துணியைச் சுருட்டி மூலையில போட்டுடாதீங்க. அது தானா சூடாகித் தீப்பிடிக்கும், விரிச்சுக் காயப் போடணும்.

கீழே கள்ளக்குறிச்சி, சின்னசேலம் பக்கம் மரச்சிற்பக் கலைஞர்கள் இருக்காங்க. 2021-ல புவிசார் குறியீடு வாங்கின கைத்தொழில் அது. நம்ம இணைப்பு ஆடுச்சுன்னா ஏன் ஆடுதுன்னு பார்த்தவுடனே சொல்லிடுவாங்க. உதவி கேளுங்க, ஆனா கூலி கொடுத்துக் கேளுங்க. 'நல்ல காரியம்தானே'ன்னு அவங்க ஒரு நாள் பிழைப்பை நம்ம தானக் கணக்குல எழுதறது எனக்குச் சரியாப் படலை.

மெக்சிகோவோட மேற்கு மலைப்பகுதியில 1980-கள்ல 'ப்ரோஹிமோ'ன்னு ஒரு முயற்சி நடந்தது. மாற்றுத்திறனாளிகளான கிராமத்து ஆட்களே பட்டறை போட்டு, சுத்துப்பட்டுக் குழந்தைகளுக்கு நாற்காலியும் நிற்கும் சட்டமும் செஞ்சாங்க. அந்த அனுபவத்திலிருந்து டேவிட் வெர்னர் 1987-ல எழுதின 'டிஸேபிள்டு வில்லேஜ் சில்ட்ரன்' புத்தகம் இணையத்துல இலவசமாவே கிடைக்குது. படங்கள்தான் அதிகம், நம்ம டிராயிங் கிளாஸை விட நல்லாப் புரியும். நம்ம ஊர் நடைவண்டி மாதிரி பொருட்களையும் குழந்தைக்கேத்த மாதிரி எப்படி மாத்தறதுன்னு அதைப் படிச்சா யோசனை வரும்.

கொடுத்த அன்னைக்கே உட்கார வச்சு, அரை மணி நேரம் கழிச்சு தோல்ல எங்கயாவது சிவந்திருக்கான்னு பாருங்க. மூணு மாசத்துல திரும்பப் போங்க, குழந்தை வளர்ந்திருக்கும், சீட்டை மாத்தணும். அந்தக் குழந்தைக்குப் பத்தாமப் போனா இன்னொரு வீட்டுக்குப் போகும். அதனால சீட்டுக்கு அடியில செஞ்ச தேதியையும் எல்லா அளவுகளையும் அழியாத மையில எழுதுங்க. வரைபடத்தோட ஒரு நகலை வட்டார வள மையத்துல கொடுத்துட்டு வாங்க.