பணத்துக்கான கேள்வியும் அதனைத் தீர்மானிக்கும் காரணிகளும்
(இலங்கைப் பொருளாதாரத்தை உதாரணமாகக் கொண்ட விளக்கம்)

1. பணத்துக்கான கேள்வி என்றால் என்ன?

“பணம் வேண்டாம் என்று எவரும் கூறுவதில்லை. எனவே பணத்துக்கான கேள்வி அளவற்றது” எனச் சில மாணவர்கள் விடை எழுதுவதுண்டு. இது தவறாகும். இங்கு அவர்கள் கருதுவது வருமானத்தையே.

தம்மிடமுள்ள செல்வத்தில் எவ்வளவை வேறு சொத்தாக மாற்றாமல் பணமாகவே வைத்திருக்க ஒருவர் விரும்புகிறாரோ, அதுவே பணத்துக்கான கேள்வி எனப்படும். ஒருவரிடம் 10 இலட்சம் ரூபா செல்வம் உண்டெனக் கொள்வோம். அதில் 8 இலட்சம் தங்க நகையாகவும், 1 இலட்சத்து 50 ஆயிரம் நிலையான வைப்பாகவும், மீதி 50,000 ரூபா கையிலும் நடைமுறைக் கணக்கிலும் உள்ளன. அவரது பணத்துக்கான கேள்வி 50,000 ரூபா மட்டுமே.

கையிலுள்ள காசுக்கு வட்டி கிடைக்காது. இவ்வாறு இழக்கப்படும் வட்டியே பணத்தை வைத்திருப்பதன் அமையச் செலவாகும். அப்படியிருந்தும் மக்கள் ஏன் பணத்தை வைத்திருக்கின்றனர்?

2. மூன்று நோக்கங்கள்

பொருளியலாளர் ஜோன் மேனாட் கெயின்ஸ் 1936 இல் வெளியிட்ட நூலில் இதற்கு மூன்று நோக்கங்களைக் காட்டினார்.

(அ) கொடுக்கல் வாங்கல் நோக்கம் - அன்றாடச் செலவுகளுக்காக வைத்திருத்தல். உதாரணம்: பஸ் கட்டணம், மரக்கறி, பாடசாலைக் கொப்பிகள்.

(ஆ) முன்னெச்சரிக்கை நோக்கம் - எதிர்பாராத செலவுகளுக்காக வைத்திருத்தல். உதாரணம்: திடீர் நோய், வெள்ளம், வேலை இழப்பு. நாட்கூலித் தொழிலாளிக்கு வேலையின்மைக் காப்புறுதி இல்லை. ஆகவே வருமானம் குறைந்தவருக்கும் இந்நோக்கம் முக்கியமானதாகும்.

(இ) ஊக நோக்கம் - வட்டி வீதம், சொத்துக்களின் விலை என்பன மாறும் என எதிர்பார்த்து வைத்திருத்தல். வட்டி வீதம் உயரும்போது முறிகளின் விலை வீழ்ச்சியடையும். எனவே வட்டி உயருமென எதிர்பார்ப்பவர் இன்று முறியை வாங்காது பணத்தை வைத்திருப்பார். இலங்கையில் வங்கிகள், ஊழியர் சேமலாப நிதியம், காப்புறுதிக் கம்பனிகள் போன்றனவே பெருமளவில் முறிகளை வைத்திருக்கின்றன. சாதாரண குடும்பங்களிடம் இந்நோக்கம் வலுவற்றது.

3. வளர்முக நாடொன்றில் செல்வாக்குச் செலுத்தும் காரணிகள்

(1) வருமானம்
வருமானம் உயரக் கொள்வனவு பெருகும். அதற்கேற்பப் பணத்துக்கான கேள்வியும் உயரும்.

(2) வருமானம் கிடைக்கும் கால இடைவெளி
மூவருக்கும் மாதத்துக்கு 60,000 ரூபா வீதம் வருமானம் எனவும், அதனை ஒரே சீராகச் செலவழித்துத் தீர்ப்பர் எனவும் கொள்வோம் (1 மாதம் = 4 வாரம்).

வாரக் கூலி பெறுபவர்: ஒரு தடவை 15,000, சராசரிக் கையிருப்பு 7,500.
மாதச் சம்பளம் பெறுபவர்: ஒரு தடவை 60,000, சராசரிக் கையிருப்பு 30,000.
6 மாதத்துக்கு ஒரு முறை நெல் விற்பவர்: ஒரு தடவை 360,000, சராசரிக் கையிருப்பு 180,000.

வருமானம் சமமாயினும் இடைவெளி கூடும்போது கையிருப்பும் கூடுகிறது. இதனாலேயே பெரும்போகம், சிறுபோகம் ஆகிய அறுவடைக் காலங்களில் கிராமங்களில் பணப் புழக்கம் அதிகரிக்கின்றது. நடைமுறையில் விவசாயி தம் கையிருப்பு முழுவதையும் பணமாக வைத்திருப்பதில்லை. ஒரு பகுதியை நெல்லாகவும் நகையாகவும் மாற்றிக்கொள்வார்.

(3) பணமயமாதல்
சொந்த நுகர்வுக்காக உற்பத்தி செய்தால் பணம் தேவைப்படாது. கூலியை நெல்லாகக் கொடுத்தாலும் அவ்வாறே. விளைபொருளைச் சந்தையில் விற்று, உரத்தையும் எரிபொருளையும் காசுக்கு வாங்கத் தொடங்கும்போது, உற்பத்தி மாறாவிடினும் பணத்துக்கான கேள்வி உயரும். இது வளர்முக நாடுகளுக்கே உரிய சிறப்பான காரணியாகும்.

(4) வட்டி வீதம்
வட்டி உயர அமையச் செலவு உயரும். பணத்துக்கான கேள்வி குறையும். 2022 இன் பிற்பகுதியில் 91 நாள் திறைசேரி உண்டியல்களின் வட்டி 30 சதவீதத்தைத் தாண்டியது. மேலதிகப் பணம் உடையோர் அவற்றை நாடினர். ஆனால் நாளைய பஸ் கட்டணத்தை மட்டுமே கையில் வைத்திருப்பவரால் அதனை எந்த வட்டிக்கும் வைப்பிலிட முடியாது.

(5) விலை மட்டமும் பணவீக்க எதிர்பார்ப்பும்
இவ்விரண்டையும் வேறுபடுத்தி விளங்கிக்கொள்ளல் அவசியம். விலைகள் உயர்ந்தால் அதே பொருட்களை வாங்கக் கூடுதலான ரூபாய்கள் தேவை. எனவே பெயரளவுக் கேள்வி உயரும். விலைகள் தொடர்ந்தும் உயருமென மக்கள் எதிர்பார்த்தால் பணத்தை விட்டுப் பொருள், தங்கம், வெளிநாட்டு நாணயம் என்பவற்றை நாடுவர். எனவே உண்மைக் கேள்வி குறையும்.

கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி 2022 செப்டெம்பரில் ஆண்டுப் பணவீக்கம் 69.8 சதவீதமாகும். அதற்கு ஓராண்டுக்கு முன் 10,000 ரூபாவைப் பெட்டியில் பூட்டி வைத்தவர், ஓராண்டின் பின் அதைக்கொண்டு முன்னர் ஏறத்தாழ 5,890 ரூபாவுக்குக் கிடைத்த பொருட்களையே வாங்க முடிந்தது (10,000 ÷ 1.698). காசு குறையவில்லை, அதன் கொள்வனவுச் சக்தியே குறைந்தது. தங்கமோ நிலமோ இல்லாது காசை மட்டும் சேமித்த ஏழைக் குடும்பங்களே இதனால் கூடுதலாகப் பாதிக்கப்பட்டன.

(6) நிதி வசதிகளின் வளர்ச்சி
வங்கிக் கிளைகள், தன்னியக்கப் பணப்பொறிகள், கைத்தொலைபேசிக் கொடுப்பனவுகள் என்பன பெருகும்போது கையில் காசு வைத்திருக்கும் தேவை குறையும்.

(7) பண்டிகைக் காலம்
சித்திரைப் புத்தாண்டு, நத்தார் ஆகிய காலங்களில் காசுக்கான கேள்வி தற்காலிகமாக உயரும்.

4. மத்திய வங்கி இதனை ஏன் கவனிக்கின்றது?

பண நிரம்பல் மக்கள் வைத்திருக்க விரும்பும் அளவை விஞ்சினால், மிகை பணம் பொருட்களைத் தேடிச் செல்லும், விலைகள் உயரும். நிரம்பல் குறைந்தால் கடன் பெறுதல் கடினமாகி வியாபாரம் மந்தமடையும். 2022 ஏப்ரல் 8 ஆந் திகதி இலங்கை மத்திய வங்கி கொள்கை வட்டி வீதங்களை ஒரேயடியாக 7 சதவீதப் புள்ளிகளால் உயர்த்தியது. கடனைக் கட்டுப்படுத்துவதும், ரூபாவைச் சேமிப்பாக வைத்திருக்க மக்களை ஊக்குவிப்பதும் இதன் நோக்கங்களுள் அடங்கும். 2023 யூலையில் பணவீக்கம் 6.3 சதவீதமாகக் குறைந்தது. பணவீக்கம் குறைதல் என்பது விலைகள் குறைதல் அன்று. விலைகள் உயரும் வேகம் குறைதலாகும்.

பயிற்சி வினாக்கள்

1. பணத்துக்கான கேள்வியை வரைவிலக்கணப்படுத்துக.
2. நாட்சம்பளம் 2,000 ரூபா பெற்று அன்றே செலவழிப்பவரின் சராசரிக் கையிருப்பு யாது? (விடை: 1,000 ரூபா)
3. பணவீக்க காலத்தில் பெயரளவுக் கேள்வி உயர, உண்மைக் கேள்வி குறையலாம். விளக்குக.
4. உமது ஊரில் காசுக்கான கேள்வி உயரும் இரு காலங்களைக் குறிப்பிட்டுக் காரணம் தருக.

குறிப்பு: நான்காம் வினாவுக்குக் காலத்தை மட்டும் எழுதினால் போதாது. அக்காலத்தில் வருமானம், செலவு ஆகிய இரண்டில் எது மாறுகின்றது என்பதையும், அது எந்த நோக்கத்தைச் சார்ந்தது என்பதையும் காட்டுதல் வேண்டும்.