ஜப்பானில் இருவராகக் குடியேறுவோம்: விசா முதல் இரண்டாம் ஆண்டு வரி வரை ஒரு முழுமையான வழிகாட்டி

வேலை ஜப்பானில், போவது இருவர். ஆனால் நிறுவனத்திலிருந்து வரும் கடிதமும் படிவமும் பெரும்பாலும் ஒருவர் பெயருக்கே வரும். உடன் வருபவரின் காரியங்களை ‘அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்’ என்று தள்ளிவைத்தால், சொந்தமாக ஒரு போன் எண் கூட இல்லாமல், தனியாக மருத்துவரிடம் போகத் தயங்கி, அவர் பல மாதங்கள் வீட்டுக்குள்ளேயே இருக்க நேரும். அதனால் ஒரு விதியோடு தொடங்குவோம்: கார்டு, போன், வங்கிக் கணக்கு, மொழி வகுப்பு எதுவானாலும் இருவருக்கும் சேர்த்தே செய்வோம்.

டோக்கியோவை வைத்துப் பேசலாம். ஒசாகா, நகோயா போனாலும் சட்டமும் வரிசையும் இதேதான். வாடகையும் குப்பை விதியும் மட்டும் மாறும்.

## யாருக்கு என்ன விசா?

வேலை தரும் நிறுவனம் ஜப்பான் குடிவரவுத் துறையிடம் தகுதிச் சான்றிதழ் ஒன்று வாங்கித் தரும். எல்லோரும் ‘சி.ஓ.இ.’ என்றே சொல்வார்கள். அதைக் காட்டித்தான் இந்தியாவில் விசா வாங்குகிறோம். சான்றிதழ் வந்த 3 மாதத்துக்குள் ஜப்பானில் கால் வைத்துவிட வேண்டும். வேலைக்குப் போகிறவருக்கு வேலை விசா, உடன் வருபவருக்கு டிபெண்டென்ட் விசா. இரண்டு சி.ஓ.இ.க்கும் ஒரே நேரத்தில் விண்ணப்பிக்கச் சொல்லி நிறுவனத்திடம் கேளுங்கள். கேட்டால் செய்வார்கள், கேட்காவிட்டால் ஒருவர் மட்டும் முதலில் கிளம்ப வேண்டிவரும்.

உடன் வருபவரின் விசாவுக்கு முக்கியமான தாள் திருமணப் பதிவுச் சான்றிதழ். கல்யாண மண்டப ரசீதோ பத்திரிகையோ உதவாது. சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்திருக்க வேண்டும். அதற்கு ஒரு ஜப்பானிய மொழிபெயர்ப்பும் தயார்செய்து, மொழிபெயர்த்தவர் பெயரையும் தேதியையும் அதில் எழுதி வைத்துக்கொள்வோம். ஜப்பானில் இறங்கிய பிறகும் இது தேவைப்படும்.

இந்திய நிறுவனமே உங்களை 5 ஆண்டுக்குள் திரும்பும்படி அனுப்புகிறதா? 2016 அக்டோபர் முதல் இரு நாடுகளுக்கும் இடையே சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் நடைமுறையில் இருக்கிறது. இ.பி.எஃப். அலுவலகத்தில் அதற்கான சான்றிதழ் வாங்கிவிட்டால் ஜப்பானிய பென்ஷன் பிடித்தம் இருக்காது. ஜப்பானிய நிறுவனமே நேரடியாக வேலைக்கு எடுத்திருந்தால் பிடித்தம் உண்டு. ஆனால் நாடு திரும்பிய 2 ஆண்டுக்குள் விண்ணப்பித்து ஒரு பகுதியைத் திரும்ப வாங்கலாம்.

## பெட்டியில் எதை வைக்கலாம்?

மிக்ஸியை வைக்க வேண்டாம். ஜப்பானில் வீட்டு மின்சாரம் 100 வோல்ட். நம் 230 வோல்ட் மிக்ஸி அங்கே சுற்றாது. அமெரிக்காவுக்காகச் செய்யப்படும் 110 வோல்ட் மிக்ஸி வேலை செய்யும். சென்னையிலேயே கேட்டு வாங்கலாம். குக்கர் வாங்கும்போது இண்டக்‌ஷன் அடிப்பாகம் உள்ளதாகப் பாருங்கள். எந்த அடுப்பு அமையும் என்று இப்போதே சொல்ல முடியாது.

மசாலாப் பொடி கொண்டுபோகலாம். பச்சைக் கறிவேப்பிலை, பழம் வேண்டாம். பருப்பு, விதை, அரிசி ஆகியவற்றுக்குத் தாவர நலச் சான்றிதழ் வேண்டும். இறைச்சி சேர்ந்த எதுவும் வேண்டாம். மருத்துவர் எழுதிக்கொடுத்த மருந்தைப் பொதுவாக ஒரு மாத அளவுவரை சீட்டோடு எடுத்துப்போகலாம். அதற்கு மேல் போனால் முன் அனுமதி தேவை.

## விமான நிலையத்திலிருந்து வார்டு அலுவலகம் வரை

நரிதா, ஹனேதா, கன்சாய் போன்ற பெரிய விமான நிலையங்களில் குடிவரவு மேசையிலேயே ரெசிடென்ஸ் கார்டு கையில் தந்துவிடுவார்கள். ஆளுக்கு ஒன்று. இதை எப்போதும் உடன் வைத்திருப்பது சட்டப்படி கட்டாயம்.

தங்கும் முகவரி முடிவானதிலிருந்து 14 நாளுக்குள் வார்டு அலுவலகத்துக்குப் போய் அதைப் பதிய வேண்டும். அந்த அலுவலகம் ‘குயாகுஷோ’. இருவரும் சேர்ந்தே போவோம். பாஸ்போர்ட், கார்டு, திருமணச் சான்றிதழ், அதன் மொழிபெயர்ப்பு நான்கையும் எடுத்துக்கொள்வோம். கார்டின் பின்பக்கத்தில் முகவரியை அச்சடித்துத் தருவார்கள். அதன் பிறகு ‘மை நம்பர்’ என்னும் 12 இலக்க எண் இருவருக்கும் தனித்தனியாக வரும். மை நம்பர் கார்டுக்கும் அன்றே விண்ணப்பியுங்கள். 2024 டிசம்பர் முதல் பழைய காப்பீட்டு அட்டையைப் புதிதாகத் தருவதில்லை. மருத்துவமனையில் இந்தக் கார்டுதான் காப்பீட்டு அட்டை.

இங்கே ஒரு சின்ன வேலையைப் பொறுமையாகச் செய்வோம். நம் பெயரை ஜப்பானிய கத்தகானா எழுத்தில் எப்படி எழுதுவது என்று ஒருமுறை முடிவு செய்து, காகிதத்தில் எழுதிப் பர்ஸில் வைத்துக்கொள்வோம். இனிஷியலை விரித்த அப்பா பெயர் பாஸ்போர்ட்டில் இருந்தால் அதுவும் சேர்ந்தே வரும். வங்கியில் ஒருவிதமாகவும் சம்பளப் பிரிவில் இன்னொரு விதமாகவும் ஒரு நெடில் மாறினாலே பணம் கணக்கில் ஏறாமல் திரும்பிவிடும்.

## போன், வங்கி: எது முதலில்?

வங்கிக்குப் போன் எண் வேண்டும். போனுக்கு முகவரி அச்சடித்த கார்டு வேண்டும். ஆகவே வரிசை இதுதான்: வார்டு அலுவலகம், போன், வங்கி. விமான நிலையத்தில் விற்கும் டேட்டா சிம்மில் பேசும் எண் வராது. இரண்டு எண்கள் வாங்குவோம்.

வந்து 6 மாதம் ஆகாதவர்களுக்குக் கணக்குத் தரச் சில வங்கிகள் தயங்கும். அஞ்சலகத்தோடு சேர்ந்த யூச்சோ வங்கியில் தொடங்குவது எளிது. கார்டில் 3 மாதத்துக்கு மேல் தங்கும் காலம் பாக்கி இருக்க வேண்டும். உடன் வருபவருக்கும் தனிக் கணக்கு தொடங்கி, வீட்டுச் செலவுப் பணத்தை மாதாமாதம் அதில் போட்டுவிடலாம்.

## வீடு: எங்கே, எவ்வளவு?

நிறுவனம் முதல் மாதத்துக்குத் தற்காலிக அறை தந்தால் தயங்காமல் வாங்கிக்கொள்ளுங்கள். ஊரைப் பார்த்துத் தேட அவகாசம் கிடைக்கும்.

டோக்கியோவில் நம்மவர்கள் அதிகம் இருப்பது எதொகாவா வார்டின் நிஷி கசாய் பக்கம். 2000-ஐ ஒட்டி, ஒய்டூகே என்ற கணினித் தேதிச் சிக்கலைச் சரிசெய்ய வந்த இந்தியப் பொறியாளர்கள் அங்கே குடியேறத் தொடங்கினார்கள். தோசாய் லைனில் ஏறினால் கால் மணி நேரத்தில் ஓதேமாச்சி அலுவலகப் பகுதி. இட்லி அரிசி, துவரம் பருப்பு, உறைந்த முருங்கைக்காய் எல்லாம் நடந்து போய் வாங்கலாம். புதிதாக வரும் தம்பதிக்கு முதல் இரண்டு ஆண்டு இங்கே இருப்பது நல்லது என்பதே என் கருத்து. பக்கத்தில் தமிழ் பேசும் ஒரு குடும்பம் இருப்பது பெரிய பலம்.

இப்போது கணக்கு. மாத வாடகை 1,20,000 யென் என்று வைத்துக்கொள்வோம். தனியார் வீடானால் சாவி வாங்கும் நாளில் கொடுப்பது ஏறத்தாழ இப்படி வரும்: முன்பணம் ‘ஷிகிகின்’ 1,20,000, வீட்டுக்காரருக்கு அன்பளிப்பாகப் போய்த் திரும்பி வராத ‘ரெய்கின்’ 1,20,000, தரகு, வரியோடு 1,32,000, முதல் மாத வாடகை 1,20,000, உத்தரவாத நிறுவனத்துக்கு அரை மாத வாடகை 60,000, தீக்காப்பீடு 20,000, பூட்டு மாற்ற 20,000. மொத்தம் 5,92,000 யென். டோக்கியோ பக்கம் பல வீடுகளில் 2 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிப்புக் கட்டணமாக ஒரு மாத வாடகையும் உண்டு.

‘யூ.ஆர்.’ என்ற பொதுத்துறைக் குடியிருப்பில் அன்பளிப்பு, தரகு, உத்தரவாதம், புதுப்பிப்பு எதுவும் கிடையாது. இரண்டு மாத முன்பணமும் முதல் வாடகையும் சேர்ந்து 3,60,000 யென்னில் முடியும். ஆனால் வருமானச் சான்று கேட்பார்கள். இந்த அளவு வாடகைக்கு மாத வருமானம் 3,30,000 யென் இருக்க வேண்டும். கட்டடம் கொஞ்சம் பழசாக இருக்கலாம். இருந்தாலும் முதலில் இங்கே விசாரித்துவிட்டுத்தான் தரகரிடம் போக வேண்டும் என்பேன்.

ஜப்பானிய வாடகை வீடு பெரும்பாலும் காலியாகவே கிடைக்கும். விளக்கு, திரைச்சீலை, அடுப்பு எல்லாம் நாம்தான் வாங்க வேண்டும். சாவி வாங்கிய அன்றே ஒவ்வொரு சுவரையும் தரையையும் தேதியோடு படம் எடுத்து வைப்போம். காலி செய்யும்போது முன்பணத்தில் கழிப்பதைப் பற்றிப் பேச அதுதான் ஆதாரம்.

## சமையலறை

அடுப்பு வாங்கும் முன் வீட்டில் வருவது குழாய் கேஸா, சிலிண்டர் புரொப்பேனா என்று கேளுங்கள். இரண்டுக்கும் அடுப்பு வேறு. மாற்றிப் பொருத்தினால் ஆபத்து. கேஸ் திறக்க ஆள் வரும்போது வீட்டில் ஒருவர் இருந்தே ஆக வேண்டும். குடிபோகும் நாளுக்குச் சில நாள் முன்பே பதிவு செய்வோம்.

நம் தாளிப்புக்கு ஜப்பானியச் சமையலறை பழக்கப்பட்டதல்ல. அடுப்புக்கு மேலுள்ள காற்றுப்போக்கியில் ஒட்டும் வடிகட்டித் தாளும், அடுப்பைச் சுற்றி நிறுத்தும் அலுமினிய மறைப்பும் 100 யென் கடையில் கிடைக்கும். வரியோடு 110 யென். கடுகு வெடிப்பதற்கு முன் இரண்டையும் வைத்துவிடுங்கள். சுவர்த்தாளில் மஞ்சள் கறை ஏறினால் போகாது. மீந்த எண்ணெயைத் தொட்டியில் ஊற்றக் கூடாது. பழைய செய்தித்தாளில் ஊறவிட்டு எரியும் குப்பையில் போடலாம்.

சைவர்கள் வெளியே சாப்பிடும்போது கேட்க வேண்டியது ‘தாஷி’ பற்றி. பெரும்பாலும் மீனில் எடுத்த அந்தச் சாறு நூடுல்ஸ் குழம்பிலும் காய்கறிக் கூட்டிலும் இருக்கும்.

## குப்பை: பயப்பட வேண்டாம், அட்டவணை போதும்

வார்டு அலுவலகத்தில் ஆங்கிலத்திலும் அட்டவணை தருவார்கள். ஃபிரிட்ஜில் ஒட்டிவிடுவோம். எரியும் குப்பை, எரியாதது, மறுசுழற்சி என ஒவ்வொன்றுக்கும் தனி நாள். காலை 8 மணிக்குள், அன்றைக்கு உரிய குப்பையை மட்டும், காக்கை கிளறாதபடி வலைக்கு அடியில் வைக்க வேண்டும். பெட் பாட்டிலானால் மூடியையும் லேபிளையும் கழற்றி, கழுவி, நசுக்கிப் போடுவோம். மெத்தை, மேசை போன்றவற்றுக்கு முன்பதிவு செய்து ஸ்டிக்கர் வாங்கி ஒட்ட வேண்டும். அக்கம்பக்கத்தாரோடு உறவு கெடாமல் இருக்க இதைவிடச் சிறந்த வழி இல்லை. குடிபோன வாரத்தில் இருபுறத்து வீட்டுக்கும் கீழ்வீட்டுக்கும் ஒரு சின்ன இனிப்புப் பெட்டியோடு போய் வணக்கம் சொல்வது அங்கே மரபு. இருவருமாகப் போங்கள்.

## உடம்புக்கு முடியவில்லையென்றால்

ஜப்பானிய நிறுவனத்தில் சேர்ந்தால் அதன் மருத்துவக் காப்பீட்டில், ஆண்டு வருமானம் 13 லட்சம் யென்னுக்குக் கீழ் உள்ள துணையையும் சேர்க்கலாம். அவருக்குத் தனிப் பிரீமியம் இல்லை. செலவில் நாம் தருவது 30 சதவீதம். காய்ச்சலுக்குப் பக்கத்துக் கிளினிக்குக்குத்தான் போக வேண்டும். கிளினிக்கின் பரிந்துரைக் கடிதம் இல்லாமல் பெரிய மருத்துவமனைக்குப் போனால் குறைந்தது 7,000 யென் கூடுதலாகக் கேட்பார்கள். ஆம்புலன்ஸ், தீயணைப்பு 119, போலீஸ் 110. ஆம்புலன்ஸுக்குக் கட்டணம் இல்லை.

குழந்தை உண்டானால் வார்டு அலுவலகத்தில் சொல்லித் தாய்சேய்க் கையேடு வாங்குவோம். பிரசவத்துக்குக் காப்பீட்டிலிருந்து 5 லட்சம் யென் கிடைக்கும்.

## உடன் வந்தவரின் நாள்கள்

டிபெண்டென்ட் விசாவில் அப்படியே வேலை பார்க்க முடியாது. குடிவரவு அலுவலகத்தில் அனுமதி வாங்கினால் வாரம் 28 மணி நேரம் வரை பார்க்கலாம். கட்டணம் இல்லை, கார்டின் பின்புறம் முத்திரை விழும். டோக்கியோவில் இதற்கு ஷினகாவா அலுவலகம். வேலை தேடும் எண்ணம் இப்போது இல்லாவிட்டாலும் முதல் மாதத்திலேயே விண்ணப்பித்துவிடலாம். பட்டம் இருந்து, அதற்கேற்ற முழுநேர வேலை கிடைத்தால் வேலை விசாவுக்கே மாறலாம்.

பல வார்டுகளில் தன்னார்வலர்கள் மிகக் குறைந்த கட்டணத்தில் ஜப்பானிய வகுப்பு நடத்துகிறார்கள். ஹிரகானா 46 எழுத்து, கத்தகானா 46. இந்த இரண்டையும் ஊரிலேயே முடித்துவிட்டுப் போவோம். இலக்கணம் நமக்கு அவ்வளவு அந்நியமல்ல: வினை கடைசியில் வரும், உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டும். ஆங்கிலம் வழியாக யோசிக்காமல் தமிழிலிருந்தே நேராகப் போனால் வாக்கியம் சீக்கிரம் கைவரும். அலுவலகத்தில் ஆங்கிலத்திலேயே நாளைக் கழிப்பவரைவிட, கடைக்கும் கிளினிக்குக்கும் போய்வருபவர் முந்திப் பேசிவிடுவதை நான் பல வீடுகளில் கண்டிருக்கிறேன்.

## கவனம்: பணம், வெள்ளம், நடுக்கம்

குடியிருப்போர் வரி முதல் ஆண்டில் வராது. முந்தைய ஆண்டு வருமானத்தில் சுமார் 10 சதவீதம், ஜனவரி 1 அன்று அங்கே குடியிருந்தவருக்கு அடுத்த ஜூன் முதல் பிடிக்கத் தொடங்குவார்கள். முதல் ஆண்டுச் சம்பளத்தை நம்பிப் பெரிய இ.எம்.ஐ. போட வேண்டாம். ஊரில் அப்பா அம்மாவுக்குப் பணம் அனுப்புகிறோமா? ஒவ்வொருவர் பெயருக்கும் தனித்தனியாக அனுப்பி ரசீதை வையுங்கள். வரிச் சலுகை கேட்கலாம். 30 முதல் 69 வயதுக்குள் இருந்தால் பொதுவாக ஆளுக்கு ஆண்டுக்கு 3,80,000 யென்னாவது அனுப்பியிருக்க வேண்டும்.

எதொகாவா தாழ்வான நிலம். 2019-இல் அந்த வார்டு வெளியிட்ட வெள்ள வரைபடத்தின் அட்டையிலேயே, பெருவெள்ளம் வருமுன் வார்டை விட்டு வெளியேறச் சொல்லியிருந்தார்கள். முடிந்தால் மேல்மாடி பாருங்கள். குடிபோன முதல் ஞாயிற்றுக்கிழமை இருவரும் நடந்தே அவசரப் புகலிடம்வரை போய்ப் பார்த்து வருவோம். நிலநடுக்கம் வரும் நேரத்தில் ஒருவர் அலுவலகத்தில் இருப்பார், ஒருவர் வீட்டில் இருப்பார், போன் கிடைக்காது. எங்கே சந்திப்பது என்று முன்பே பேசி வைக்க வேண்டும். 171-ஐ அழைத்துக் குரல் செய்தி விட்டுவைக்கவும் பழகிக்கொள்ளுங்கள். தண்ணீர், டார்ச், சில்லறைக் காசு, மருந்து, பாஸ்போர்ட் நகல் கொண்ட ஒரு பை கதவருகே இருக்கட்டும்.

## விசா புதுப்பிக்க

காலாவதிக்கு 3 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். இரண்டு கார்டிலும் தேதியைத் தனித்தனியாகப் பாருங்கள். ஒருவர் தாமதமாக வந்திருந்தால் தேதி வேறாக இருக்கும். துணையின் விண்ணப்பத்தோடு வேலை பார்ப்பவரின் வரிச் சான்றிதழும் கேட்பார்கள். அதை வார்டு அலுவலகத்தில் வாங்கலாம். மை நம்பர் கார்டு இருந்தால் பல வார்டுகளில் கன்வீனியன்ஸ் ஸ்டோர் இயந்திரத்திலேயே சில நூறு யென்னுக்கு அச்சிட்டுக்கொள்ளலாம். 28 மணி நேர அனுமதியும் விசாவோடு முடிந்துவிடும். புதுப்பிக்கும் அன்றே அந்தப் படிவத்தையும் சேர்த்துக் கொடுத்துவிடுங்கள்.