புது கார் வாங்க புரோக்கர் தேவையா?

பழைய காருக்குப் புரோக்கரின் அனுபவம் உதவும். புதுக் காருக்கு ஷோரூமே போதும். வாங்கும்போது கவனிக்க வேண்டியவை இவை:

1. 'ஆன்-ரோடு' விலையை இனவாரியாகப் பிரித்து எழுதி வாங்குங்கள். கமிஷன் ஒளிந்திருப்பது மொத்தத் தொகையில்தான்.

2. நீங்கள் மதுரைக்காரர் என்றால், அங்கேயே நிற்காமல் திண்டுக்கல், விருதுநகரிலும் விசாரியுங்கள். சாலை வரி தமிழ்நாடு முழுக்க ஒன்றே; தள்ளுபடிதான் மாறும்.

3. இன்சூரன்ஸுக்கு வெளியிலும் விலை கேளுங்கள். டீலரிடமே எடுக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. மூன்றாம் நபர் காப்பீடு 3 ஆண்டுக்குக் கட்டாயம். சொந்தச் சேதத்துக்கு ஓராண்டு எடுத்தால் போதும். பேரம் பேச நல்ல இடம் இந்தச் சொந்தச் சேதக் காப்பீடுதான்.

4. தயாரிப்பு மாதம், வருடம் பாருங்கள். போன வருடத்து வண்டிக்கு மறுவிற்பனை விலை குறையும்.

5. முன்பணத்தைப் புரோக்கர் கையில் கொடுக்காதீர்கள். டீலர் நிறுவனத்தின் வங்கிக் கணக்குக்கே அனுப்பி, உங்கள் பெயரில் ரசீது வாங்குங்கள். புக்கிங் ரத்தானால் பணத்தைத் திரும்பக் கேட்க அதுவே ஆதாரம்.