மலைவாழையும் மாறிவரும் வேளாண் பணிகளும்

நுழையும்முன்
உழவு என்றதும் ஏரும் வயலுமே நம் நினைவில் எழுகின்றன. ஒரு கனி விளைந்து நம் கைக்கு வந்து சேரும்வரை பல துறைகளின் அறிவு துணைநிற்கிறது. நோயால் நலிந்த பழனிமலை வாழையின் வரலாறு இதனை உணர்த்தும்.

சங்க இலக்கியம் ‘பொதினி’ எனச் சுட்டும் பழனிமலைத் தொடரின் உயர்ந்த பகுதியில், கொடைக்கானலைச் சூழ்ந்த சிற்றூர்களில் மலைப்பூண்டும் காய்கறிகளும் விளைகின்றன. தாண்டிக்குடி, பண்ணைக்காடு முதலிய கீழ்மலைப் பகுதிகளில் காப்பி, மிளகு, ஆரஞ்சு ஆகியவற்றோடு வாழையும் மரநிழலில் கலந்து வளர்கிறது. இங்கு மழையை நம்பி விளையும் விருப்பாட்சி வாழையின் சதையில் நீர்ப்பதம் குறைவு. ஆதலால், அது நெடுநாள் கெடாதிருக்க வேண்டிய பழனிப் பஞ்சாமிர்தத்திற்கு உகந்ததாயிற்று.

கடந்த நூற்றாண்டின் பிற்பகுதியில் முடிக்கொத்து நோய் இவ்வாழைத் தோட்டங்களைப் பெரிதும் அழித்தது. இந்நோய் கண்ட வாழையின் இலைகள் குறுகி, உச்சியில் கொத்தாக நெருங்கி நிற்கும். முறையாகக் குலை தள்ளாது. இதற்குக் காரணமான நச்சுயிரியை அசுவினிப் பூச்சி பரப்புகிறது. நோயுற்ற தாய்மரத்தின் பக்கக்கன்றை நட்டாலும் நோய் தொடரும். பாதிக்கப்பட்ட மரத்தைக் குணப்படுத்த மருந்தில்லை. வேரோடு அகற்றுவதே வழி.

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் திருச்சிராப்பள்ளியிலுள்ள தேசிய வாழை ஆராய்ச்சி மையமும் இதனை மீட்க முனைந்தன. நச்சுயிரியற்ற தாய்மரங்கள் சோதித்துத் தேர்ந்தெடுக்கப்பட்டன. அவற்றின் வளர்நுனியிலிருந்து திசு வளர்ப்பு முறையில் கன்றுகள் உருவாக்கப்பட்டன. எனினும், ஆய்வகம் மட்டுமே வாழையைக் காத்துவிடாது. நோயின் முதல் அறிகுறியைத் தோட்டத்தில் காண்பது உழவரின் கண். தயங்காமல் மரத்தை அகற்றுவது அவரது கை. அண்டைத் தோட்டத்தாரும் இணைந்து செயற்பட்டால்தான் பயன் விளையும்.

இம்முயற்சியில் எத்தனை பணிகள் அடங்கியுள்ளன என எண்ணிப் பாருங்கள்! பயிர்நோயியல் வல்லுநர், திசு வளர்ப்பு ஆய்வகப் பணியாளர், நாற்றங்கால் நடத்துபவர், தோட்டக்கலை அலுவலர், உழவர் உற்பத்தியாளர் நிறுவன மேலாளர் எனப் பட்டியல் நீளும். இவற்றிற்குரிய தோட்டக்கலைப் பட்டப்படிப்பைக் கோயம்புத்தூரில் மட்டுமன்றி, இம்மலையடிவாரத்திலுள்ள பெரியகுளத்திலும் பயிலலாம். அறிவோடு நிலத்தை ஆளும் உழவர் இவர்கள் அனைவருக்கும் நடுநாயகமாக விளங்குகிறார்.

முடிக்கொத்து நோய் இன்னும் முற்றிலும் அகலவில்லை. அதனை எதிர்கொள்ளும் பணி, இன்று கற்கும் உங்களை நோக்கியே காத்திருக்கிறது.

தெரிந்து தெளிவோம்
ஒரு குறிப்பிட்ட நிலப்பகுதிக்கே உரிய சிறப்புடைய பொருளுக்குப் புவிசார் குறியீடு வழங்கப்படுகிறது. விருப்பாட்சி மலைவாழை 2008ஆம் ஆண்டிலும், கொடைக்கானல் மலைப்பூண்டும் பழனிப் பஞ்சாமிர்தமும் 2019ஆம் ஆண்டிலும் இக்குறியீட்டைப் பெற்றன.