நாற்பது அங்குல வண்டி

2019-ஆம் ஆண்டு வெளிவந்த ‘ஃபோர்டு வி ஃபெராரி’ என்னும் அமெரிக்கப் படத்தை நம் விடுதி நண்பர்களுள் பாராதவர் சிலரே இருப்பர். சுவையான படம், குறை சொல்வதற்கில்லை. ஆயினும் அதைப் பார்த்து எழுந்து வருபவர் மனத்தில், ஓட்டுநர் பல்லைக் கடித்துக்கொண்டு காலை இன்னும் சற்று அழுத்தினால் வெற்றி கைகூடிவிடும் என்ற எண்ணமே தங்கிவிடுகிறது. (1966-ஆம் ஆண்டுப் பந்தயத்தில் என்சோ ஃபெராரி நேரில் நின்று தொப்பியைத் தொட்டு மரியாதை செய்வதாக ஒரு காட்சி வருகிறது. உண்மையில் அவர் அன்று அங்கே இல்லை.) அவ்வண்டியின் உண்மை வரலாறு விஞ்ஞான மாணவர்க்கு ஒரு நல்ல பாடம். காற்று, வெப்பம், உலோகம் என்னும் மூன்றும் அதை எவ்வாறு தோற்கடித்தன, பின்னர் எவ்வாறு வசப்பட்டன என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

பிரான்சு நாட்டில் லெ மான் என்னும் ஊர் உள்ளது. அங்கே 1923 முதல் 24 மணி நேரப் பந்தயம் நடந்து வருகிறது. குறித்த தூரத்தை யார் முதலில் கடப்பது என்பது போட்டியன்று. ஒரு பகலும் ஓர் இரவும் முடிவதற்குள் யார் அதிகத் தூரம் ஓடுவது என்பதே போட்டி. அக்காலத்தில் ஒரு வண்டிக்கு இரண்டு ஓட்டுநர், முறைவைத்து மாறிக்கொள்வார்கள். 1960-களில் ஒரு சுற்றின் நீளம் ஏறத்தாழ 13½ கிலோமீட்டர். அதில் முல்சான் என்னும் நேர்ப்பாதை மட்டும் 6 கிலோமீட்டர் அளவு. ஊர்களுக்கிடையே மக்கள் அன்றாடம் செல்லும் சாலைதான் அது. பந்தய நாட்களில் மட்டும் அடைத்துவிடுவார்கள். 1960 முதல் 1965 வரை ஆறு ஆண்டுகள் தொடர்ந்து அங்கே வென்றவை ஃபெராரி வண்டிகள்.

1963-இல் ஃபோர்டு நிறுவனம் ஃபெராரி நிறுவனத்தையே விலைக்கு வாங்க முயன்றது. பேச்சு நெடுந்தூரம் சென்றது. பந்தயப் பிரிவின் கடிவாளம் யார் கையில் இருப்பது என்ற கேள்வி எழுந்ததும் என்சோ ஃபெராரி பேச்சை முறித்துக்கொண்டார். வாங்க முடியாததைத் தோற்கடிப்பது என்று ஃபோர்டு முடிவு செய்தது. இங்கிலாந்தில் எரிக் பிராட்லி என்பவர் தம் லோலா நிறுவனத்தில் ஃபோர்டு எஞ்சினை ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னே வைத்து ஒரு வண்டி செய்திருந்தார். அவரைத் துணைகொண்டு, ராய் லன் என்ற பொறியாளர் ஃபோர்டின் சார்பில் புது வண்டியை வகுத்தார். பந்தயக் குழுவை நடத்த ஜான் வையர் அமர்த்தப்பட்டார். தரையிலிருந்து கூரை வரை அவ்வண்டியின் உயரம் ஏறத்தாழ 40 அங்குலம். நம் வகுப்பறை மேசையை விடச் சற்றே உயரம். ஆகவே ஜி.டி. 40 என்று பெயர் நிலைத்தது. ஜி.டி. என்பது பெரும்பயணம் என்று பொருள்படும் இத்தாலியத் தொடரின் சுருக்கம்.

1964 ஏப்ரலில் லெ மானில் சோதனை ஓட்டம். வந்த இரண்டு வண்டிகளும் பாதையை விட்டு விலகி மோதி நொறுங்கின. ஓட்டுநர் இருவரும் தப்பியது நல்லூழ். காரணம் என்ன? பக்கவாட்டில் நின்று பார்த்தால் தாழ்ந்த மூக்கும் மேலெழுந்து பின் சரியும் முதுகுமாக அவ்வண்டி ஓரளவு விமான இறக்கையைப் போன்றதே. மேலே செல்லும் காற்று விரைந்து ஓட, அங்கே அழுத்தம் குறைந்து, உடல் மேல்நோக்கி இழுக்கப்படுகிறது. இவ்விசை வேகத்தின் வர்க்கத்திற்கேற்ப வளரும். மணிக்கு 100 கிலோமீட்டரில் பொருட்படுத்தத் தகாத தூக்கு, 300 கிலோமீட்டரில் ஒன்பது மடங்காகிறது. பின் சக்கரங்கள் தரையை அழுத்தும் பாரம் குறைந்தால் அவற்றின் பிடியும் குறையும். வால் தன் விருப்பப்படி ஆடும். மருந்து மிக எளியதாக அமைந்தது. வாலின் மேல்விளிம்பில் சில அங்குல உயரமுள்ள தகடு ஒன்றை நிறுத்தினார்கள். அது காற்றோட்டத்தை மேல்நோக்கித் திருப்பி, வாலைக் கீழே அழுத்தியது. ஆட்டம் அடங்கியது.

ஆனால் நின்று நிலைக்கும் உரம் இன்னும் வரவில்லை. 1964 ஜூனில் லெ மானில் ஓடிய மூன்று வண்டிகளில் ஒன்று தீப்பற்றியது. மற்ற இரண்டும் கியர்ப் பெட்டி கெட்டு நின்றன. அந்த ஆண்டின் இறுதியில் பொறுப்பு கரோல் ஷெல்பியிடம் மாறியது. அவர் டெக்சஸ்காரர், ஒருகாலத்தில் கோழிப்பண்ணை நடத்தியவர், 1959-இல் லெ மானில் வென்ற ஓட்டுநரும் அவரே. 1965 பிப்ரவரியில் டேடோனாவில் கென் மைல்ஸ், லாயிட் ரூபி இருவரும் அவ்வண்டிக்கு முதல் வெற்றியைத் தேடித் தந்தனர். உடனே 7 லிட்டர் கொள்ளளவுள்ள பெரிய எஞ்சினைப் பொருத்தி ஜூனில் லெ மானுக்கு விரைந்தார்கள். ஜி.டி. 40 வகையில் ஒன்றுகூட முடிவுக்கோட்டைக் காணவில்லை. இரண்டு ஆண்டுகளிலும் மிக விரைவான சுற்று ஃபோர்டு வண்டியினுடையதுதான் என்பதைக் கவனிக்க வேண்டும். வேகத்துக்குப் பஞ்சமில்லை, பொழுது விடியும்வரை அவை உயிரோடு இல்லை.

அதன் பின்னர் நடந்ததே நான் பெரிதும் வியக்கும் பகுதி. ஓட்டுநர் ஓட்டும்போது எஞ்சின் எந்நேரத்தில் எவ்வளவு சுழல்கிறது, எப்போது கியர் மாறுகிறது, எப்போது சுமை தளர்கிறது என்பவற்றையெல்லாம் பதிவு செய்தார்கள். பிறகு அமெரிக்காவில் ஆய்வுக்கூடத்தில் எஞ்சினைத் திறனளக்கும் மேடையில் பூட்டி, லெ மான் சுற்றை அப்படியே திரும்பத் திரும்ப நடிக்க வைத்தார்கள். நின்ற இடத்தில் நின்றபடியே எஞ்சின் 24 மணி நேரமும் அதற்கு மேலும் ‘பந்தயம்’ ஓடிற்று. உடைந்த உறுப்பை எடுத்து ஆராய்வது, திருத்துவது, மறுபடி ஓட விடுவது! சோதனைச்சாலையில் நாள் முழுதும் ஒரே அளவீட்டைத் திரும்பத் திரும்ப எடுத்துச் சலித்துப்போகும் நண்பர்களுக்கு இது ஆறுதலாகலாம்.

எஞ்சின் உறுதிப்பட்டதும் பிரேக் சிக்கலாயிற்று. ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எரிபொருளும் ஓட்டுநரும் சேர்ந்து வண்டியின் நிறை 1,300 கிலோகிராம் என்று கொள்வோம். முல்சான் பாதையின் முடிவில் வேகம் மணிக்கு 330 கிலோமீட்டர். அங்குள்ள கூரிய வளைவுக்காக அதை 55-க்குக் குறைக்க வேண்டும். இயக்க ஆற்றலின் குறைவு 53 லட்சம் ஜூல். வடக்கத்திக் குளிரில் நாம் காலையில் வாளிக்குள் தொங்கவிடும் வெந்நீர்க் கம்பியை நினைத்துக்கொள்ளுங்கள். ஒன்றரைக் கிலோவாட் கம்பியானால் இவ்வளவு வெப்பத்தைத் தர ஏறத்தாழ ஒரு மணி நேரமாகும். 18 லிட்டர் தண்ணீர் கொதிநிலைக்கு வந்துவிடும். காற்றின் தடை ஏற்கும் சிறு பங்கு போக, மற்ற வெப்பமெல்லாம் நான்கு இரும்புத் தட்டுகளில், பத்து விநாடிக்குள் இறங்குகிறது. தட்டின் வெப்பம் 800 பாகை செல்சியசை எட்டிச் செம்மை பூக்கும். அடுத்த நேர்ப்பாதையில் குளிர்காற்று அதன்மேல் பாயும். மேற்பரப்பு விரிய உட்பகுதி விரியாது. மேற்பரப்பு சுருங்க உட்பகுதி சுருங்காது. இந்த இழுபறி முந்நூறு சுற்றுக்கு மேல் நிகழ்ந்தால் எந்த வார்ப்பிரும்பு தாங்கும்? தட்டுகள் வெடித்தன.

ஷெல்பியின் குழுவில் ஃபில் ரெமிங்டன் என்று ஒரு கைதேர்ந்த வினைஞர் இருந்தார். 24 மணி நேரமும் வெடிக்காத தட்டுக்குக் காத்திராமல், தேய்மானக் கட்டைகளோடு தட்டையும் நொடியில் கழற்றி மாற்றும்படி அவர் அமைப்பைத் திருத்தினார். எரிபொருள் நிரப்ப வண்டி நிற்கும்போதே பிரேக்கும் புதிதாகிவிடும். கேள்வியையே மாற்றி விடை கண்ட இந்தத் தந்திரத்தை, பெரிய எஞ்சினைக் காட்டிலும் உயர்ந்த கண்டுபிடிப்பாகவே நான் மதிக்கிறேன்.

1966 ஜூனில் பயன் கிடைத்தது. முதல் மூன்று இடங்களும் ஃபோர்டுக்கே. வென்ற வண்டி 360 சுற்றுகளில் 4,843 கிலோமீட்டர் ஓடியது. ஆனால் அந்த முடிவில் ஒரு கசப்பும் கலந்தது. அவ்வாண்டு டேடோனாவிலும் செப்ரிங்கிலும் வென்றிருந்த கென் மைல்ஸ், டென்னி ஹல்முடன் சேர்ந்து இங்கும் முன்னணியில் இருந்தார். மூன்று பந்தயங்களையும் ஒரே ஆண்டில் வெல்லும் பெருமை கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. நிறுவனத்தாரோ, விளம்பரப் படத்துக்காக வண்டிகள் சேர்ந்தாற்போல் கோட்டைக் கடக்க வேண்டும் என்று ஆணையிட்டனர். மைல்ஸ் வேகத்தைத் தளர்த்தினார். பந்தயம் தொடங்கும்போது வண்டிகள் சாலையோரம் வரிசையாக நிற்கும். புரூஸ் மெக்லாரன், கிரிஸ் ஏமன் இருவரின் வண்டி சில மீட்டர் பின்னே நின்றிருந்தது. சேர்ந்து முடித்தால் பின்னே நின்றது அதிகத் தூரம் ஓடியதாகத்தானே ஆகும்? வெற்றி அவர்களுக்கு என்று அறிவித்தார்கள். கணக்கு சரி, நியாயம் வேறு.

அந்தக் குறையைத் தீர்த்துக்கொள்ள மைல்சுக்கு மறு ஆண்டு வாய்க்கவில்லை. 1966 ஆகஸ்டு 17 அன்று கலிபோர்னியாவில் ரிவர்சைடு பாதையில் அடுத்த வண்டியைச் சோதித்துக்கொண்டிருந்தார். மெல்லிய அலுமினியத் தகடுகளுக்கிடையே தேன்கூடு போன்ற அறைகள் வைத்து ஒட்டிய புதுவகைச் சட்டம் அது, இலேசானது, விறைப்பானது. நீண்ட நேர்ப்பாதையின் முடிவில் வண்டி கட்டுப்பாடிழந்து உருண்டு உடைந்து தீப்பற்றியது. வெளியே எறியப்பட்ட மைல்ஸ் உயிர் நீத்தார். வயது 47. அதே ஆண்டு ஏப்ரலில் லெ மான் சோதனையில் மோதிய வால்ட் ஹான்ஸ்கனும் சில நாளில் இறந்திருந்தார். சோதனை என்னும் சொல்லை நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அவர்களுக்கு அது அளவுகோலும் தராசும் கொண்டு மட்டும் செய்த வேலையன்று.

ரிவர்சைடுக்குப் பின் வண்டிக்குள் எஃகுக் குழாய்க் கூண்டு வலுவாகப் பூட்டப்பட்டது; புறவடிவமும் மாற்றப்பட்டது. 1967 ஜூனில் லெ மானில் மரியோ ஆண்ட்ரெட்டியின் வண்டி நள்ளிரவுக்குப் பின் மோதி நொறுங்கியது. அவர் விலா எலும்பு முறிவோடு தப்பினார். அந்தக் கூண்டு யாருடைய சாவின் பேரில் வந்தது என்பதை அவரும் அறிந்திருப்பார்.

அதற்கு முன், பிப்ரவரியில், டேடோனாவில் ஓர் உலோகப் பாடமும் கிடைத்திருந்தது. ஃபோர்டு வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கியர்ப் பெட்டியின் வெளித்தண்டு முறிந்து நின்றன. ஃபெராரி முதல் மூன்று இடங்களையும் பிடித்தது. வகுப்பில் பிழையில்லை, உலோகத்திலும் பிழையில்லை. தண்டுகளைக் காய்ச்சிக் குளிர்வித்துப் பதப்படுத்தியதில் பிழை. அரிவாளுக்குத் தோய்ச்சல் போடும் நம் ஊர்க் கொல்லருக்கு இதைச் சொன்னால் சிரித்திருப்பார். தண்டுகள் திருந்தின. ஜூனில் டான் கர்னியும் ஏ. ஜே. ஃபாய்ட்டும் 5,232 கிலோமீட்டர் ஓடி லெ மானில் வென்றார்கள்.

உடனே விதிகள் மாறின. 1968 முதல் பெரிய எஞ்சின்களுக்கு இடமில்லை. ஃபோர்டு நிறுவனமும் விலகிக்கொண்டது. ஆனால் குறித்த எண்ணிக்கையில் செய்யப்பட்ட வண்டிகளுக்கு 5 லிட்டர்வரை இடம் இருந்தது; அவ்வழியே பழைய சிறிய ஜி.டி. 40 திரும்பி வந்தது. 1964-இல் தோற்ற அதே ஜான் வையர், அதை இளநீலமும் செம்மஞ்சளும் பூசி இறக்கினார். 1968-இல் பெட்ரோ ரோட்ரிகெசும் லூசியன் பியாங்கியும் வென்றனர். 1075 என்னும் எண்ணுள்ள அதே வண்டி மறு ஆண்டும் வந்தது.

அந்நாளில் ஓட்டுநர்கள் சாலையின் குறுக்கே ஓடிச்சென்று தத்தம் வண்டியில் ஏறிப் புறப்படுவது வழக்கம். அவசரத்தில் பலர் இடுப்பு வாரைப் பூட்டாமலே பறப்பார்கள். 1969-இல் இளைஞர் ஜாக்கி இக்ஸ் இதை எதிர்த்து, நிதானமாக நடந்துவந்து, வாரை இறுக்கிக் கட்டி, கடைசி ஆளாகப் புறப்பட்டார். முதற் சுற்றிலேயே ஜான் வுல்ஃப் என்பவர் விபத்தில் வண்டியிலிருந்து வீசப்பட்டு இறந்தார். 24 மணி நேரம் கழித்து, ஏறத்தாழ 5,000 கிலோமீட்டர் ஓடிய பின், இக்ஸ் போர்ஷே வண்டியில் வந்த ஹான்ஸ் ஹெர்மனை 120 மீட்டர் அளவே முந்தி வென்றார். அவருக்குத் துணை ஓட்டுநர் ஜாக்கி ஆலிவர். 1970-இல் ஓட்டுநர்கள் வண்டிக்குள்ளே வார் பூட்டி உட்கார்ந்திருக்க, கொடி அசைந்தது.